தோட்டத்து நாய் தாமான் வீட்டுக்கு வந்தால்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், தம்பி. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்த மூன்று வயது ஆண் நாய் ஜிம்மி. தாமானில், அதாவது ஊர்ப்புறத்துப் புதுக் குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு வாங்கிக் குடியேறியபோது அதையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். தோட்டத்தில் தங்கமான நாய் என்று பெயர் வாங்கிய அது, இங்கு வந்த நான்கு மாதங்களில் மோட்டார்களைத் துரத்துகிறது, இரவெல்லாம் குரைக்கிறது, சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பையனின் காற்சட்டையைப் பற்றி இழுத்துவிட்டது. காயம் இல்லை என்றாலும், பையனின் தந்தை நகராண்மைக் கழகத்தில் புகார் செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ரோத்தான் பிரம்பால் நான்கு போட்டால் சரியாகிவிடும், இல்லையேல் பழைய தோட்டத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடு என்று உங்கள் மைத்துனர் சொல்கிறார். இரண்டில் எதைச் செய்வது என்று கேட்கிறீர்கள். இரண்டையும் செய்யாதீர்கள் என்பதே என் பதில். ஈப்போவில் ஒரு கால்நடை கிளினிக்கில் இருபத்தாறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் என்ற முறையிலும், அதற்கு முன் நானும் லயத்துப் பிள்ளையாகவே வளர்ந்தவன் என்ற முறையிலும் காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

லயத்தில் ஜிம்மிக்கு ஒரு வேலை இருந்தது. விடியுமுன் எல்லோரும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பிய பிறகு வீடுகளைக் காத்தது அதுதான். அறிமுகமில்லாதவர் செம்மண் சாலையில் வந்தால் குரைக்க வேண்டும். வேலி ஓரம் காட்டுப்பன்றி வந்தால் துரத்த வேண்டும். நள்ளிரவில் யாராவது நடமாடினால் ஊரை எழுப்ப வேண்டும். இவற்றைச் செய்தபோதெல்லாம் நீங்களும் அக்கம்பக்கத்தாரும் அதைத் தட்டிக்கொடுத்துச் சோறு போட்டிருப்பீர்கள். அதே செயல்கள்தாம் தாமானில் குற்றமாகிவிட்டன. வீடு மாறியது உங்களுக்குத் தெரியும். வேலை மாறிவிட்டது என்பதை ஜிம்மியிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு அந்நியர்களைக் கண்ட நாய், இங்கே ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேரைக் காண்கிறது. அத்தனை பேரையும் விரட்டியாக வேண்டும் என்று அது நினைத்தால், அந்த வேலைக்கு முடிவே கிடையாது.

மோட்டாரைத் துரத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாய் பாய்கிறது, மோட்டார் ஓடிப்போகிறது. ஓட்டுநர் தன் வழியில் போகிறார் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கிலோ, தான் பாய்ந்ததால்தான் அது ஓடியது. கடிதம் போடுபவரும் பொட்டலம் கொண்டுவருபவரும் அப்படியே, வந்த வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு நாளும் பலமுறை ஜிம்மிக்கு வெற்றி கிடைக்கிறது. வெற்றி கிடைக்கும் பழக்கத்தை எந்த உயிரும் தானாக விடுவதில்லை. எனவே பயிற்சிக்கு முன் செய்ய வேண்டியது, துரத்தும் வாய்ப்பையே அடைப்பதுதான். கேட்டின் கீழ்ப்பாதியை நாற்றங்காலுக்குப் பயன்படுத்தும் கறுப்பு நிழல்வலையாலோ பலகையாலோ மறைத்துவிடுங்கள். கேட்டைத் திறந்து காரை எடுக்கும் நேரங்களில் ஜிம்மி பின்கட்டில் கதவுக்குப் பின்னே இருக்கட்டும். செலவு குறைவு, ஒரே நாளில் முடியும் வேலை, ஆனாலும் பாதிச் சிக்கல் இதிலேயே தணிவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இப்போது அதை முன்வாசல் தூணில் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான் என்றாலும், இருப்பதிலேயே மோசமான இடம் அது. போகிறவர் வருகிறவர் அனைவரையும் பார்க்கலாம், ஆனால் அருகே போக முடியாது, அஞ்சினால் விலகி ஓடவும் முடியாது. அந்த நிலையில் எஞ்சியிருப்பது பாய்வது மட்டுமே. ஒவ்வொரு பாய்ச்சலிலும் கழுத்து இறுகும் வலியும் சேர்ந்துகொள்வதால், தெருவில் போகும் மனிதருக்கும் வலிக்கும் ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. நான்கு மாதத்தில் நாய் மாறிவிட்டது என்கிறீர்களே, அந்த மாற்றத்தின் பெரும்பங்கு இந்தத் தூணடியில்தான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. நிழலும் தண்ணீரும் உள்ள பின்கட்டில், கட்டாமல் விடுங்கள்.

இனி மைத்துனரின் ரோத்தான். இதை நான் வெறும் இரக்கத்தால் மறுக்கவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது எங்கள் லயத்தில் கருப்பன் என்றொரு நாய் வளர்த்தோம். சோற்றுத் தட்டருகே என் சித்தப்பா மகன் போனபோது அது உறுமியது, அப்பா அடித்தார், மறுநாளும் உறுமியது, மறுநாளும் அடி விழுந்தது. ஒரு வாரத்தில் உறுமுவதை நிறுத்திவிட்டது. நாய் திருந்திவிட்டதென்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பத்து நாள் கழித்து, எந்த ஓசையும் இல்லாமல் அந்தப் பையனின் முன்கையைக் கடித்தது. அடித்ததில் நாங்கள் அழித்தது அதன் கோபத்தை அன்று. "அருகே வராதே" என்று அது தந்துகொண்டிருந்த எச்சரிக்கையைத்தான். ஜிம்மி உறுமுகிறது என்றால் அது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பேச்சைக் கேட்டு, காரணத்தை விலக்குங்கள், வாயை அடைக்காதீர்கள்.

அடியில் இன்னொரு குறையும் உண்டு. ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போய்விட்டால் நாயால் இரண்டையும் இணைக்க முடிவதில்லை. பையனைப் பார்த்துப் பாயும் நேரத்தில் அடி விழுந்தால், பையன் வந்தால் முதுகு வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. வேலை முடிந்து வந்து காலையில் நடந்ததற்கு மாலையில் அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வருவதே ஆபத்து என்று கற்றுக்கொள்கிறது. நாய்க்குத் தலைவன் யாரென்று காட்ட வேண்டும் என்ற பேச்சையும் மைத்துனர் எடுப்பார். அதன் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. முன்பின் அறியாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கி எழுதிவிட்டார். அதற்கு முன் தலைமை ஓநாய் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். அவரே விட்டுவிட்டதை நம்மவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சிக்கு வருவோம். கையில் வேண்டியது அவித்த கோழி ஈரல் அல்லது கோழி நெஞ்சுக்கறி, சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக. நெத்திலி எளிதில் கிடைக்கும் என்றாலும் உப்பு அதிகம். ஊறவைத்துக் கழுவிய பிறகே கொடுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், பத்துப் பத்து நிமிடமாகக் காலையும் மாலையும் போதும். பெயரைச் சொன்னதும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு. "வா" என்றதும் வந்தால் ஒரு துண்டு. "இரு" என்றதும் இரண்டு நொடி அசையாமல் இருந்தால் ஒரு துண்டு. பிறகு ஐந்து நொடி, பத்து நொடி. சொல்லை மட்டும் வீடு முழுவதும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அம்மா "குந்து" என்பார், மகள் "சிட்" என்பாள், பேரன் "டுடோக்" என்பான்; நாய் மூன்று மொழி தெரியாமல் விழிப்பதைப் பார்த்து அதைப் பிடிவாதக்கார நாய் என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்வார்கள். "வா" என்று அழைத்துக் குளிப்பாட்டவோ கட்டிவைக்கவோ கூடாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். அந்தச் சொல்லின் மதிப்பு ஒருமுறை கெட்டால் மீட்பது கடினம்.

இரண்டாவது வாரத்தில் மோட்டார். உங்கள் மைத்துனரிடம் மோட்டார் இருக்கிறதல்லவா, ரோத்தானை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த திடலில், ஜிம்மிக்கு மார்பைச் சுற்றிய பட்டையும் இரண்டு மீட்டர் கயிறும் மாட்டி, மோட்டாரைக் கண்டும் பதறாத தொலைவில் நில்லுங்கள். அது ஐம்பது மீட்டராக இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். காது நிமிர்ந்தும் உடல் விறைக்காமல் இருப்பதே அளவு. மோட்டார் கண்ணில் பட்டதும் கறியைக் கொடுக்கத் தொடங்குங்கள், மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். வரிசை மாறக் கூடாது, முதலில் மோட்டார், பிறகு கறி. செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லவின் நாய்கள், உணவுக்கு முன் ஒலி கேட்டதால்தான் அந்த ஒலிக்கே எச்சில் ஊறின. நீங்கள் கறியை முதலில் நீட்டி, அதன்பின் மோட்டார் வந்தால், கறியைக் கண்டாலே மோட்டார் வரப்போகிறது என்று பதறும் நாயை உருவாக்கிவிடுவீர்கள். இந்தத் தவறைச் செய்யாத வீட்டை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சில நாள்களில், மோட்டார் சத்தம் கேட்டதும் ஜிம்மி தானே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்த பிறகே ஐந்து மீட்டர் முன்னேறலாம். குரைத்துப் பாய்ந்துவிட்டால் திட்டாமல் பின்வாங்குங்கள். நெருங்கியது உங்கள் அவசரம். முழுமையாக அமைதிப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காவது வாரம் வரையில் உலகத்தோடு எளிதாகப் பழகும் காலம் ஒன்று உண்டு. ஜிம்மி அதைத் தோட்டத்திலேயே கழித்துவிட்டது. மூன்று வயதிலும் கற்கும், மெதுவாகக் கற்கும்.

நடை காலை ஏழுக்கு முன்பும் மாலை வெயில் தணிந்த பிறகும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். புறங்கையைச் சடக்கில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. முகர்ந்து முகர்ந்து நடக்க விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அரை மணி நேர முகர்தல் அதற்கு ஒரு நாள் வேலை பார்த்த களைப்பைத் தரும், இரவுக் குரைப்பும் அதனால் குறையும்.

அந்தக் குரைப்பைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் நாய் குரைக்கும்போது உள்ளிருந்து நாம் கத்துகிறோம். நாமும் கூடச் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குப் படும். இரவில் சமையலறையை ஒட்டிய பகுதியில், கூரைக்குக் கீழ், தெரு தெரியாத இடத்தில் படுக்க வையுங்கள். லயத்தில் பத்து நாய்களோடும் ஆள் அரவத்தோடும் உறங்கிய விலங்கு, இங்கே தன்னந்தனியே வெளியில் கிடப்பதும் குரைப்புக்கு ஒரு காரணம். குப்பைத் தொட்டிக்கு எலி வருகிறதா என்றும் பாருங்கள். எலி இருந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது, எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் நாயையும் மனிதரையும் தாக்கும் என்பது வேறு.

பையன் செய்தி எல்லாவற்றிலும் முதன்மையானது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிப் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். குரைத்துவிட்டுக் கடித்த நாய்களுக்குக் கிளினிக்கில் நானே கட்டுப் போட்டிருக்கிறேன், கடிபட்ட உரிமையாளருக்கும் சேர்த்து. வால் ஆடுவதும் உறுதிமொழி அன்று. உடல் விறைத்து வால் மட்டும் உயரத்தில் வேகமாக ஆடினால் அது நட்பில்லை. உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, இவை எல்லாம் "எனக்கு வசதியாக இல்லை" என்று சொல்லும் விதங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் கட்டியிருக்கும்போதும் எந்தப் பிள்ளையும் அருகே போகக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையையும் நாயையும் தனியே விடவே கூடாது. அடுத்த சில மாதங்களுக்கு வீட்டை விட்டு வெளியே கிளம்பும்போது கூடை வடிவ வாய்க்கூடு அணிவியுங்கள். அதற்குள் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடிய வேண்டும், ஏனெனில் நாய் தன் உடல் சூட்டை முக்கியமாக இரைப்பதாலேயே தணித்துக்கொள்கிறது. ராபியா என்னும் நெகிழிக் கயிற்றால் வாயைக் கட்டுவது இந்த வெயிலில் உயிருக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டார் மலாய்க் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட நெறியில், ஈரமான நாயையோ அதன் எச்சிலையோ தொட நேர்ந்தால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். ஜிம்மி பையனின் காற்சட்டையைப் பற்றிய அன்று, பயத்தோடு அந்த வேலையும் அந்தத் தாய்க்கு வந்து சேர்ந்திருக்கும். நேரில் போய், நாயை விட்டுவிட்டுத்தான் போங்கள், மன்னிப்புக் கேளுங்கள். வலை கட்டியதையும் பயிற்சி தொடங்கியதையும் சொல்லுங்கள். மாலையில் எந்த நேரத்தில் நடைக்கு அழைத்துச் செல்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சூராவ் என்னும் சிறு தொழுகை இடத்தின் பக்கத்து வழியைத் தவிர்த்துவிடுங்கள். பொதுச் சுவரில் சிறுநீர் கழிக்க விடாமல், மலத்தை எடுக்க எப்போதும் நெகிழிப்பை வைத்திருங்கள். இதில் மதத்துக்கு அப்பாற்பட்டும் ஒரு நியாயம் இருக்கிறது: நம் நாயின் குரைப்புக்கு நாம் பழகிவிட்டோம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பழகவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாய் வளர்க்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்; சுங்கை சிப்புட், கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. லயத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இங்கே கேட்பார்கள். புகார் போவதற்கு முன்பே உரிமம் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். வரிசை வீட்டில் எத்தனை நாய் அனுமதி என்பது மன்றத்துக்கு மன்றம் மாறுபடுவதால் அதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள். மைத்துனருக்கு ஒரு தகவல்: 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கைக் கொடூரமாக அடித்துத் துன்புறுத்துவதற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தோட்டத்தில் கொண்டுபோய் விடுவதைப் பற்றி நினைக்கும்போது, நீங்கள் நினைப்பது பழைய தோட்டத்தை. அங்கே சோறு போட்ட குடும்பங்கள் உங்களைப் போலவே வெளியேறிவிட்டன. செம்பனை மட்டைகளுக்கிடையே எலிக்கு வைக்கும் நஞ்சுகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை; நாய் அதைத் தின்றாலோ நஞ்சுண்ட எலியைத் தின்றாலோ முதல் இரண்டு மூன்று நாள்கள் எதுவுமே தெரியாது, பிறகு ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளேயே இரத்தம் கசிந்து சாகும். உடனே கொண்டுவந்தால் கே1 வைட்டமின் கொடுத்துக் காப்பாற்றலாம். ஆனால் கைவிடப்பட்ட நாயை யார் கொண்டுவருவார்? எலியைத் தேடி நாகப்பாம்பு வரும் இடமும் செம்பனைக் காடுதான்; பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் கால் அறுபட்டு வந்த நாய்களை நான் எண்ணி வைக்கவில்லை. இவற்றில் தப்பினால் வீட்டைத் தேடிப் பெருஞ்சாலை வழியே நடக்கத் தொடங்கும்.

மருத்துவரிடம் ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். காதுப் புண், பல் வலி, உண்ணிக் காய்ச்சல் போன்றவை நாயைச் சிடுசிடுப்பாக்கும். வலியுள்ள நாய்க்குப் பயிற்சி அளிப்பது வீண். கருத்தடை செய்துவிடுங்கள். அது மோட்டார் துரத்துவதை நிறுத்தாது, ஆனால் பெட்டை நாய் மணம் பிடித்து மதில் தாண்டிப் போவதைக் குறைக்கும், தாமானில் இன்னும் எட்டுக் குட்டிகள் பிறக்கவும் விடாது. தடுப்பூசிகளில் வெறிநோய் ஊசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநோய் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையே பறித்திருக்கிறது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்று மாதம் இத்தனையும் செய்தும் ஜிம்மி பிள்ளைகளைக் கண்டால் பாய்கிறது என்றால், தாமான் வாழ்க்கை அதற்கு ஒத்துவரவில்லை என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. அப்போதும் விட்டுவிடுவது வேறு, ஒப்படைப்பது வேறு. வேலி போட்ட பழத்தோட்டமோ காய்கறித் தோட்டமோ வைத்திருக்கும், சிறு பிள்ளைகள் இல்லாத ஒருவரைத் தேடுங்கள். பையனின் காற்சட்டையைப் பற்றியதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை நீங்களே உடன் போய் அங்கே ஜிம்மிக்குச் சோறு வைத்துவிட்டு வாருங்கள். கடைசி முறை விட்டுவிட்டு வரும்போது தடுப்பூசி அட்டையையும், அதற்குத் தெரிந்த சொற்கள் எவை, எதைக் கண்டால் அஞ்சும் என்று எழுதிய ஒரு தாளையும் அவர் கையில் கொடுங்கள்.